கையிலுள்ள கருவியும் மூக்கிலுள்ள மூச்சும்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரத்திற்குச் செல்லும் சாலையில், மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது இராசிங்காபுரம். கிழக்கு வெளுக்கு முன்னரே அவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் தோட்டத்து வண்டிகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி, எல்லை கடந்து, இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களிற் களையெடுக்கவும் காயெடுக்கவும் செல்லும் பெண்டிரும் ஆடவரும் பொழுது சாய்ந்த பின்னரே இல்லந் திரும்புகின்றனர். தாயுந் தந்தையும் இல்லாத அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் அவ்வில்லங்களிற் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பது ஒன்றே ஒன்று. அது கைப்பேசி!

முன்னாளில் அவ்விடத்திற் பாட்டி இருந்தாள், திண்ணை இருந்தது, ஊர்ப் பொதுமன்றின் ஆலமர நிழல் இருந்தது. இன்று திரைப்படமும் அதன்வழியே வருகின்றது. தேர்வு முடிவும் அதன்வழியே வருகின்றது. உடன் பயில்வோரின் ஏளனமும், கடன்செயலிக்காரனின் மிரட்டலும், தந்தையின் பிழைப்பைத் தீர்மானிக்கும் ஏலக்காய் விலையுங்கூட அதே விரலகலக் கண்ணாடியில்தான் வந்து விழுகின்றன. இவை யனைத்தையும் ஒரே நாளில், ஒரே கையில், ஒரே நெஞ்சில் தாங்கவேண்டிய அகவை பதினைந்தும் பதினாறும் என்பதை எண்ணிப் பார்ப்பார் எத்துணைப் பேர்?

ஏலக்காய் விலை என்றது வெறும் எடுத்துக்காட்டன்று. நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னேலம் போடிநாயக்கனூரிலும் எல்லைக்கப்பாற் புற்றடியிலும் நடைபெறுகின்றது. 2019 ஆகத்துத் திங்களில் உயர்தரக் காய் ஒன்று புற்றடி ஏலத்தில் அயிரைக்கல் (கிலோ) ஒன்றுக்கு 7,000 உருபா வரை ஏறியது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நடுவணான விலை ஆயிரம் உருபா அளவிற்கு இறங்கிவிட்டது. மேலேறியபோது கடன் வாங்கித் தோட்டங் குத்தகைக்கு எடுத்தவனின் வீட்டிற் கீழிறங்கியபோது என்ன நடந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வீட்டுப் பிள்ளை மறுநாட் பள்ளியிற் கணக்குப் பாடத்தில் மனஞ்செலுத்தவில்லை என்று ஆசிரியர் கடிந்துகொள்வார். பிள்ளையும் தலைகுனிந்து நிற்கும். அக்குனிந்த தலைக்குள் ஓடுவது கணக்கன்று.

நாட்டுக் குற்றப் பதிவகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியா முழுமையிலும் 13,044 மாணவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். எல்லா அகவையினரையுஞ் சேர்த்து அவ்வாண்டில் அவ்வாறு இறந்தோர் 1,70,924 பேர். அவருள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மராட்டியத்திற்கு அடுத்தபடியாக இரண்டாமிடம்! இலக்கியத்தாலும் அறநூலாலும் உலகிற்கு முன்னோடி என்று மார்தட்டும் ஓர் இனத்திற்கு இவ்விரண்டாமிடம் பொருந்துமா என்பதே இங்குத் தொடுக்கப்படும் வினா.

இவ்வினாவுக்கு வாணிகர் உடனே விடை வைத்திருக்கின்றனர். அமைதி வேண்டுமா? விலைக்கு வாங்கு! ‘எட்சுபேசு’ என்றொரு செயலி 2010இலும், ‘காம்’ என்றொரு செயலி 2012இலும் தொடங்கப்பெற்றன. ஆண்டுக் கட்டணஞ் செலுத்தினால் ஆங்கிலக் குரலொன்று செவியில் வந்து, கண்ணை மூடு, மூச்சைப் பார் என்று சொல்லும். இவற்றுக்கெல்லாம் வித்தூன்றியவருள் ஒருவரான கபாத்து சின் என்னும் அமெரிக்க அறிஞர், 1979இல் மாசாச்சூசெட்சுப் பல்கலைக்கழக மருத்துவமனையில் உளைச்சல் தணிப்புப் பயிற்சியொன்றைத் தொடங்கியபோது, அதனைப் புத்த நெறியின் ஊழ்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். கிழக்கிலிருந்து மேற்கே சென்ற சரக்கு, பொதியும் பெயரும் மாறி, விலையொட்டி, மீண்டுங் கிழக்கே வந்திறங்குகின்றது. வாங்கும் வசதி படைத்த நகரத்துப் பிள்ளை வாங்கிக்கொள்கின்றது. இராசிங்காபுரத்துப் பிள்ளைக்கோ அக்குரலின் மொழியே ஒரு தேர்வுப் பாடம்! அமைதி கொள்ள வேண்டியவிடத்தும் பொருள் விளங்குமோ விளங்காதோ என்னும் அச்சமன்றோ முன்வந்து நிற்கும்?

மலையையும் அவ்வாறே விற்கின்றனர். 2018 மார்ச்சு 11ஆம் நாள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. நகரத்து அலுவலக நெருக்கடியினின்றும் ஓரிரு நாள் விடுபட்டு மூச்சுவிட வந்த இளையோர் பலர் அக்குழுவில் இருந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அமைதியைத் தேடி வந்தவரைக் காக்க வேண்டிய ஏற்பாடு எதுவும் அம்மலையில் இல்லை. போடி மக்கள் அந்நாளை இன்றும் மறந்திலர்.

தமிழ்மரபு இத்துறையில் என்ன வைத்திருக்கின்றது என்று தேடுவோர் முதற்கண் ஓகநூல்களைத்தான் புரட்டுவர். அதற்குமுன் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திறந்து பார்த்தல் வேண்டும். உள்ளத்தில் தோன்றி உடலில் வெளிப்படும் உணர்வுகளை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றும் எதனாற் பிறக்கின்றது என்று நந்நான்கு நிலைக்களன் காட்டுகின்றார் அப்பெரும் புலவர். அழுகைக்கு அவர் காட்டும் நான்கும் எவை? பிறரால் இழிக்கப்படுதல்; உரிய ஒன்றை இழத்தல்; இருந்த நிலை கெட்டு வேறாதல்; வறுமை. இந்நான்கனையும் இற்றைப் பள்ளி மாணவன் ஒருவன்மேல் வைத்துப் பாருங்கள். வகுப்பில் எல்லார் முன்னும் இகழப்பட்டான் — முதலாவது. அன்புடையார் ஒருவரை இழந்தான் — இரண்டாவது. பத்தாம் வகுப்பில் முன்னணியில் நின்றவன் மேல்வகுப்பில் மொழி மாறியதாற் பின்தங்கினான் — மூன்றாவது. நான்காவதைச் சொல்ல வேண்டா.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அழுகின்றவனின் மூளையிலோ முற்பிறவி வினையிலோ கரணியம் தேடாமல், அவனுக்கும் அவனைச் சூழ்ந்த குமுகாயத்திற்கும் இடையில் தேடினார் தொல்காப்பியர். இழிப்பவன் ஒருவன் இருந்தாலன்றி இழிவு இல்லை. கொடாதவன் இருந்தாலன்றி வறுமை இல்லை. எனவே அழுகின்றவனை மட்டும் மூச்சுப் பயிலச் சொல்லிவிட்டு, இழித்தவனை அவ்வாறே விட்டுவிடும் எந்த முறையும் தமிழ்முறை ஆகாது.

ஒப்பாரியைக் கருதுக! படித்தவர் வெட்கும் அக்கலை, அழுகையை அடக்காமலும் அளவிறந்து ஓடவிடாமலும், இசைக்கரை கட்டி ஓடச்செய்த கலையன்றோ? சுற்றியமர்ந்த பெண்டிர் கைகோத்துத் தாங்க, ஒருத்தி தன் இழப்பை எடுத்துச் சொல்லி ஆறினாள். அதனை விரட்டிவிட்டு, இப்பொழுது தனியறையில் தனித்தழும் பிள்ளைக்குச் செயலி தேடுகின்றோர் பலர்.

மூச்சுக்கு வருவோம். திருமூலரின் திருமந்திரம் ஒன்பது பகுதிகளாய் அமைந்தது. அதன் மூன்றாம் பகுதி ஓகத்தின் எட்டுறுப்புகளை விளக்குகின்றது. (ஓகம் என்றெழுதினால் நகைக்கும் தமிழாசிரியரும் உளர், நகைத்துவிட்டுப் போகட்டும்.) அவ்வெட்டின் வரிசையை நோக்குக. தீயன விலக்கல் முதலாவது, நல்லன கைக்கொள்ளல் இரண்டாவது, இருக்கை மூன்றாவது, அதன் பின்னரே மூச்சொழுக்கமாகிய வளிநிலை. முதலிரண்டையும் தாண்டிக் குதித்து நாலாவதை மட்டும் உரித்தெடுத்து விற்பவனே இற்றை ஓக வாணிகன். மூச்சுக்குத் திருமூலர் கணக்கே சொல்லியிருக்கின்றார்: உள்ளிழுத்தற்குப் பதினாறு, உள்நிறுத்தற்கு அறுபத்துநான்கு, வெளிவிடுதற்கு முப்பத்திரண்டு மாத்திரை. வெளிவிடுவது உள்ளிழுப்பதைப்போல் இருமடங்கு. இக்கணக்கு முதிர்ந்த பயிற்சியாளர்க்கு உரியது. பள்ளிப் பிள்ளைகளை அறுபத்துநான்கு மாத்திரை மூச்சடக்கச் சொல்வது பேதைமை மட்டுமன்று, தீங்குமாம். அவர்க்கு வேண்டுவது மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுதல் ஒன்றே.

அம்மெதுமைக்கு அறிவியற் சான்று என்ன என்று கேட்பார்க்கும் விடை உண்டு. அமைந்திருக்கும் ஒருவர் மணித்துளிக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை வரை மூச்சுவிடுகின்றார். மூச்சு உள்ளே செல்லும்போது நெஞ்சாங்குலை சற்றே விரைந்தும், வெளிவரும்போது சற்றே தளர்ந்தும் துடிக்கும். அத்தளர்ச்சியைச் செய்வது மூளையின் அடியிலிருந்து நெஞ்சிற்கும் வயிற்றிற்கும் இறங்கும் பத்தாம் மூளைநரம்பு. குருதி அழுத்தத்திலோ பத்து நொடிக்கொரு முறை இயல்பாகவே ஓர் அலை எழுந்து தாழ்கின்றது. மூச்சும் அப்பத்து நொடிக்கு இசைந்துவிடின், அஃதாவது மணித்துளிக்கு ஆறுமுறை என்றாகிவிடின், இரண்டலையும் ஒன்றுகூடி வலுப்பெறுகின்றன, உடலின் தன்னடக்கப் பொறி நன்கு இயங்குகின்றது, படபடப்புத் தணிகின்றது.

இத்தாலி நாட்டுப் பாவியாவைச் சேர்ந்த பெர்னார்டி என்னும் மருத்துவரும் அவர்தம் கூட்டாளிகளும் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்றை 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். கிறித்தவர் உருட்டும் மணிமாலை வழிபாட்டை இலத்தீன மொழியில் ஓதச்செய்தும், புத்தநெறி மந்திரம் ஒன்றை ஓதச்செய்தும் பார்த்தனர். இரண்டிலும் மூச்சு மணித்துளிக்கு ஏறத்தாழ ஆறு என்னும் அளவிற்குத் தானே வந்து நின்றது! கடவுள் எவராயினும் ஆகுக. ஓதுதலின் நீளமே மூச்சை அளந்தது என்பது அதனால் விளங்கும்.

இலத்தீனத்தை அளந்தார், தமிழை அளப்பார் யார்? ஏழு சீர் கொண்ட குறளொன்றைச் சீர்பிரித்து இசைநிறுத்தி ஓதினால் ஐந்தாறு நொடி ஆகின்றது. ஓதுவது முழுதும் வெளிமூச்சு. அடுத்த குறளுக்கு முன் நான்கைந்து நொடி மூக்கால் மெல்ல இழுத்தால், ஒரு குறளுக்கு ஒரு மூச்சாகப் பத்து நொடி! பெர்னார்டி கண்ட அதே அளவு. தேர்வில் ஒப்பிக்கவேண்டிய சுமை என்று பிள்ளைகள் அஞ்சும் அதே குறள், தேர்வறைக்கு வெளியே நெஞ்சை நிறுத்தும் அளவுகோலாகவும் ஆகலாம் என்பது தமிழாசிரியர் அனைவரும் அறியவேண்டிய செய்தி.

இனித் தொழில்நுட்பம். கைப்பேசியைக் கிணற்றில் எறி என்று சொல்வது எளிது; அவ்வாறு சொல்வாரும் தம் கைப்பேசியை எறிவதில்லை. அரிவாள் கதிரையும் அறுக்கும், கையையும் அறுக்கும். கூர்மை அதன் குற்றமன்று. இக்கருவி உயிர் காத்தற்கும் பயன்படும் என்பதற்கு ஒரு சான்று 14416 என்னும் எண். 2022 அக்குதோபர் 10ஆம் நாள் நாடு முழுதும் தொடங்கப்பெற்ற உளநலத் தொலைபேசிப் பணி இது. இரவென்றும் பகலென்றும் இன்றிக் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டரசு இதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயரிட்டது. அரசு வைக்கும் பெயர்களுள் தமிழாகவும் பொருளுடையதாகவும் அமைந்த சிலவற்றுள் இதுவும் ஒன்று என்று பாராட்டலாம். சென்னையில் 1986இல் மருத்துவர் இலக்குமி விசயகுமார் தொடங்கிய ‘சினேகா’ என்னும் தொண்டமைப்பும் இத்துறையில் நெடுங்காலமாகச் செவிசாய்த்து வருகின்றது. நெஞ்சு உடையும் வேளையில் எவர்க்கும் வாயில் வருவது தாய்மொழியே. துயரைச் சொல்லுதற்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படின் துயரம் பாதியில் நின்றுவிடும். ஆகலின் தமிழிற் செவிமடுக்கும் மருத்துவரும் துணைவரும் வேண்டும் என்னுங் கோரிக்கை மொழிவெறியன்று, மருத்துவத் தேவை.

இதே மலையடிவாரத்தில், தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில், மலையைக் குடைந்து நியூட்ரினோத் துகள்களை ஆய்தற்கு ஏறத்தாழ 1,500 கோடி உருபாவுக்கு நடுவண் அமைச்சரவை 2015 சனவரியில் இசைவளித்தது. மக்கள் எதிர்த்தனர், தமிழ்நாட்டரசும் 2022இல் உச்ச அறமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிந்தது. அவ்வழக்கின் நன்மை தீமை வேறு. விண்ணிலிருந்து வரும் ஓசையற்ற துகளின் வரவைக் கேட்க மலையையே குடைய முன்வந்தவர்க்கு, மலையடியில் வாழும் ஒரு சிறுவனின் ஓசையற்ற அழுகையைக் கேட்க ஓர் அறை கட்டவேண்டும் என்று தோன்றவில்லையே என்பதே இங்குச் சொல்லத்தக்கது.

பழமை என்றவுடன் எல்லாவற்றையுந் தலைமேற் கொள்வாரும் இவ்வியக்கத்திற்கு வேண்டா. 2001 ஆகத்து 6ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையொன்று விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தவர் ஓடவும் இயலாமல் எரிந்தனர். இறந்தோர் 28 பேர். பேயென்றும் சூனியமென்றும் நம்பி உறவினரே கொண்டுவிட்ட உயிர்கள் அவை! அதுவும் ‘பழைய முறை’ என்றே போற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றாகத் தடுக்கின்றது. உறக்கம் பல நாள் இன்மை, உணவில் வெறுப்பு, வாழ்ந்து பயனில்லை என்னும் பேச்சு ஆகியவை தோன்றினால், பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டுமே யன்றி, மூச்சுப்பயிற்சியோ குறளோதலோ போதும் என்று இருந்துவிடலாகாது. வேப்பிலை அடிப்பவனிடம் கொண்டுசெல்வதோ கொடுமை.

அமைதிக்குத் தடையாக நிற்பவற்றை நீக்காமல் அமைதியைப் போதிப்பதும் ஒருவகை ஏமாற்றே. எவை நீக்கப்பட்டன என்றும் பார்த்தல் நன்று. தோற்ற மாணவர் ஓராண்டைக் கழிக்காமல் உடனே மீண்டும் எழுதும் துணைத்தேர்வு முறை தமிழ்நாட்டில் வந்தது. அதற்காக ஓயாது வலியுறுத்தியவருள் சினேகா அமைப்பினரும் உளர். 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று படம்போட்டு அறிவிக்கும் வழக்கத்தை அரசே கைவிட்டது. ஒரு பிள்ளையின் முகத்தை இதழ்களிற் கொண்டாடுவதற்காகப் பன்னூறாயிரம் பிள்ளைகளின் முகத்தைச் சுருங்கச்செய்த வழக்கம் அது. எந்தச் செயலியும் தராத நிம்மதியை அவ்வொற்றை ஆணை தந்தது. ஆனால், அதே 2017இல்தான் பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்ற அரியலூர் அனிதாவை ‘நீட்’ என்னும் நுழைவுத்தேர்வு பறித்துக்கொண்டது. தமிழில் பயின்று, உச்ச அறமன்றம் வரை சென்று வழக்காடிய பெண் அவர். அவருக்கு மூச்சுப்பயிற்சி போதவில்லை என்று எவரேனுஞ் சொல்லத் துணிவரோ?

இலங்கையின் பட்டறிவும் போடி வட்டாரத்திற்கு மிக வேண்டியது. அந்நாட்டில் 1995இல் நூறாயிரவருக்கு 47 பேர் என்னும் அளவில் தம்முயிர் மாய்த்தோர் தொகை இருந்தது. கொடிய பூச்சி நஞ்சுகளை 1995இலும் 1998இலும் தடைசெய்தனர். பத்தாண்டுக்குள் அத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. கணநேரத் துயரத்தில் கைக்கு எட்டும் தொலைவில் நஞ்சு இல்லாவிடின், அக்கணம் கடந்துபோகின்றது, உயிர் நிற்கின்றது. இங்குக் காட்டுமன்னார்கோயிற் பகுதிச் சிற்றூர்களில், பூச்சிநஞ்சை வீட்டில் வைக்காமல் பொதுவிடத்துப் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் முறையைச் சினேகா அமைப்பினர் நடத்திக்காட்டினர். அதன் ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஏலத்தோட்டங்களுக்குத் தெளிக்கும் நஞ்சு அடுக்களை மூலையிற் கிடக்கும் ஊர்களில், ஊராட்சி மன்றங்கள் நாளைக்கே செய்யத்தக்க பணி இது. இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஒரு கொட்டகையும் பூட்டும் திறவுகோல் வைத்திருப்பான் ஒருவனும் போதும்.

அமைதி என்பது அடங்கிக் கிடத்தல் என்று பொருள்கொள்வாரும் உளர். அவர் திருவள்ளுவரை ஒருகண்ணாற் படித்தவர். அடக்கமுடைமை பாடிய அதே கை ஊக்கமுடைமையும் பாடிற்று. வெகுளாமை பாடியவரே இடுக்கண் வருங்கால் அழியாதிருக்கும் ஆண்மையும் பாடினார். படபடப்பு நீங்கிய நெஞ்சே நெடும்போராட்டத்திற்கு உரம் பெறும். மூச்சடங்கி நின்று குறிபார்க்காத வில்லாளியின் அம்பு எங்குச் செல்லும்?

ஆகவே இராசிங்காபுரம் போன்ற ஊர்களின் பள்ளிகளில் இத்துணை செய்யலாம். அடக்கமுடைமை (13), பொறையுடைமை (16), வெகுளாமை (31), ஊக்கமுடைமை (60), இடுக்கணழியாமை (63) ஆகிய ஐந்து அதிகாரங்களின் ஐம்பது குறளையும், மேற்சொன்னவாறு ஒரு மூச்சுக்கொரு குறளாக ஓதிக் கைப்பேசியிலேயே பதிவுசெய்தல் வேண்டும். ஓதும் குரல் வானொலிக்காரனின் செயற்கைக் குரலாக இல்லாமல், அவ்வூர்த் தமிழாசிரியர் அல்லது ஊர்ப் பெரியவள் ஒருத்தியின் குரலாக இருக்கட்டும். ஐம்பதும் ஓதி முடிக்க ஒன்பது மணித்துளிகூட ஆகாது. மின்வலை கிட்டாத மலைச்சரிவிலும் அப்பதிவு ஒலிக்கும், ஆண்டுக்கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. தோட்டத்திலிருந்து திரும்பும் தாய், இரவு விளக்கணைக்குமுன் பிள்ளையோடு அமர்ந்து பத்துக் குறளேனும் கேட்டால், ஒன்றரை மணித்துளிக்கு மேல் சற்றே செல்லும். கேட்டபின் அவள் பிள்ளையிடம் இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று வினவட்டும். பதிவின் இறுதியில் 14416 என்னும் எண்ணைத் தமிழில் இருமுறை சொல்லி நிறுத்துக. இதழன்பர்களுள் தமிழாசிரியராய் உள்ளோர், வரும் கோடை விடுமுறைக்குள் தத்தம் ஊருக்கு ஒரு பதிவேனும் செய்து, அண்மைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சேர்ப்பிப்பார்களாக.